மேலுமலை ஏற்றத்தில் ஓவர்டிரைவ்

ஐசக்கின் லாரி மேலுமலை ஏற்றத்தில் பாதியில் நின்றபோது, அது அரசாங்கத்துக்கு நல்ல செய்தி என்று அவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை. வண்டியில் நூற்றிருபது கூடை மல்கோவா. பின்சக்கரத்துக்குள் டங்கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை. எஞ்சினின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஆக்சில் முறிந்துவிட்டது. கைப்பிரேக்கும் அந்த ஆக்சிலை நம்பியே இருந்ததால் அதுவும் போயிற்று. கால்பிரேக் மட்டும் பிழைத்தது. இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தான்.

பழத்தின் சொந்தக்காரி வெள்ளையம்மா முன்சீட்டை விட்டு இறங்கவில்லை. சிங்காரப்பேட்டைப் பக்கத்துத் தோப்புக்காரி. தரகர்களை நம்பாமல் பழத்தோடு தானே பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிறவள்.

"என்னா தம்பி, உன் வண்டிக்கு மூச்சு வாங்குதா?"

"ஆக்சில் போயிடுச்சு அக்கா."

"போனது வருமா?"

"இழுத்துட்டுப் போகணும். ஓசூர் போய்ச் சேர்ந்தா மாத்திடலாம்."

"பழம் வெள்ளி, சனி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா என்னையும் சேத்துத்தான் பள்ளத்துல கொட்டணும். இந்த வருசம் தோப்புல காச்சதே இவ்ளோதான், பாத்துக்க."

சீசனில் மைசூர் ராஜ்யத்துக்குள் போகப் பெர்மிட் உள்ள வேறு லாரி கிடைக்காது. கிருஷ்ணகிரியில் அரசாங்கத்தின் இழுவை வண்டி ஒன்று இருப்பதாக வழியில் வந்த பஸ் டிரைவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் கேட்கிற பழக்கம் ஐசக்குக்கு விட்டுப்போயிருந்தது. அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறி கிருஷ்ணகிரிக்குப் போனான்.

மலைச்சாலை வாகன மீட்பு நிலையத்தின் வாசலில் குரோட்டன்ஸ் செடிகள் வரிசையாக நின்றன. கொட்டகைக்குள் இழுவை வண்டி நின்றது. யுத்தத்தில் விட்டுப்போன அமெரிக்க லாரி. பின்னால் கொக்கியும் சங்கிலியுமாக ஒரு சின்ன கிரேன். நல்ல பச்சைப் பெயின்ட். முகப்பில் போன ஆயுத பூஜை மாலை நாராகத் தொங்கியது. நான்கு சக்கரமும் தரையில் படாமல் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

நிலைய அதிகாரி நாராயணப்பன் ஐசக்கின் மனுவைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றார். நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மிஸ்டர் ஐசக். ஏழு மாசமா உங்களைத்தான் தேடிட்டிருக்கோம்."

"என்னையா சார்?"

"உங்களைப் போல ஒருத்தரை. வண்டி கெட்டு நடுரோட்டுல நிக்குது. வேற வழி இல்ல. படிச்சவரு வேற. பி.ஏ.ன்னு போட்டிருக்கீங்க."

"இழுவை வண்டி எப்ப வரும் சார்?"

"அதை நீங்கதான் தீர்மானிக்கப் போறீங்க."

விஷயம் இதுதான். மேலிடத்துப் பெரியவர் ஒருவர் ஓவர்டிரைவ் வைத்த சீமைக் காரில் ஊட்டிக்குப் போய் வந்தார். பிரயாணம் சுகமாக இருந்தது. திரும்பி வந்த வாரமே, இழுவை வண்டிகள் அனைத்துக்கும் ஓவர்டிரைவ் பொருத்த வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. எந்த ஓவர்டிரைவ் என்பதை அந்தந்த நிலையத்தில் மூவர் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவராக நிலைய அதிகாரி, கூடவே ஒரு தொழில்நுட்ப ஆலோசகர், மூன்றாவதாக ஒரு பாதிக்கப்பட்ட பொதுமகன்.

"முதல் ரெண்டு பேரும் ரெடி," என்றார் நாராயணப்பன். "மூணாவது ஆள்தான் அமையல. வண்டி கெட்டதுன்னு எத்தினியோ பேர் வந்தாங்க. ரெண்டு நாள் காத்திருக்கப் பொறுமை கிடையாது. மாட்டைக் கட்டி இழுத்துட்டுப் போயிடறாங்க. இழுத்துட்டுப் போனா அப்புறம் அவங்க பாதிக்கப்பட்டவங்க இல்லையே. பொறுப்பில்லாத ஜனங்க."

உறுப்பினர் படிவத்தை நீட்டினார். ஐசக் எழுதினான். பெயர், வயது இருபத்தெட்டு, படிப்பு. விவாகமானவரா, ஆம், இல்லை, ஒன்றை அடிக்கவும் என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஒண்ணை அடிக்கணும், மிஸ்டர் ஐசக்."

"மனைவி இறந்துட்டாங்க."

நாராயணப்பன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டையும் அடிச்சிடுங்க."

ஐசக் இரண்டையும் அடித்தான்.

வெளியே வந்தபோது கொட்டகையில் மெக்கானிக் திம்மராயன் தரையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் யாரும் இல்லை. இழுவை வண்டியின் டிரைவரும் அவர்தான்.

"புது மெம்பரா?" என்றார் தலை நிமிராமல். "வாங்க சார். எந்தப் பக்கம் வேணும், ஆடா புலியா?"

"இந்த வண்டிக்கு என்ன கோளாறு?"

"கோளாறா? தங்கமான வண்டி. போன வருசம் நெல்லு லோடு லாரி ஒண்ணை இதே மேலுமலையில இழுத்து விட்டேன். முதல் கியர் போட்டா யானையைக் கட்டினாலும் இழுக்கும்."

"பின்ன ஏன் கட்டை மேல நிக்குது?"

"கியர்பெட்டியில இருந்து பின்னாடி போற நீளத் தண்டைக் கழட்டிட்டாங்க. புதுப் பெட்டிக்கு எடம் வேணும்ல. பெட்டி வர்றதுக்கு முன்னாடியே எடம் வந்திடுச்சு."

"தண்டு?"

"ஸ்டோர்ல பத்திரமா இருக்குது. சாக்கு சுத்தி, அரக்கு சீல் வெச்சு. எங்கிட்டக் குடுத்தா அரை மணி வேலை."

ஓவர்டிரைவ் என்றால் என்னவென்றும் திம்மராயன்தான் சொன்னார். அதைப் போட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், சக்கரம் வேகமாகச் சுற்றும். சமதளத்தில் வெறும் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெட்ரோல் மிச்சம். மேட்டில் பாரம் இழுக்கிறவனுக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர். "பாறாங்கல்லைத் தள்றவனுக்குக் கடப்பாரையைப் புடுங்கிட்டு விசிறி குடுத்த மாதிரி," என்றார். பிறகு ஒரு ஆட்டை நகர்த்திவிட்டு, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து புலிக்காக யோசிக்க ஆரம்பித்தார்.

ஐசக் திரும்பவும் உள்ளே போய்ப் பழைய தண்டைப் பற்றிக் கேட்டான். நாராயணப்பன் பொறுமையாகவே பதில் சொன்னார்.

"மிஸ்டர் ஐசக், பழைய தண்டை மாட்டினா வண்டி ஓட ஆரம்பிச்சிடும். ஓடற வண்டிக்கு என்ன குறைன்னு மேல இருந்து கேப்பாங்க. அப்புறம் குழு எதுக்கு, நான் எதுக்கு, நீங்கதான் எதுக்கு?"

மூன்றாவது கேள்வியை ஐசக்கும் சில காலமாகக் கேட்டு வந்தான். இட்லி வாங்கிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினான்.

செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம். ஆலோசகர் யேசுராஜ் சென்னையிலிருந்து வந்திருந்தார். வெள்ளை பேன்ட், கையில் சுருட்டிய வரைபடம். மூன்று பெட்டிகள் பரிசீலனையில் இருந்தன. ஒன்று இங்கிலாந்துப் பெட்டி. அதன் படம் வந்திருந்தது, வண்ணப்படம். இன்னொன்று பெங்களூரில் செய்யப்போகும் பெட்டி. அதைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. மூன்றாவது அமெரிக்கப் பெட்டி. அது மட்டும் பெட்டியாகவே மேஜை மேல் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

யேசுராஜ் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் முடிவு இப்படி இருந்தது: "இழுப்பது என்பது மாட்டுவண்டிக் காலத்து எண்ணம், நண்பர்களே. நாம் வேகத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். விபத்து நடந்த இடத்துக்கு ஒரு மீட்பு வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் கேள்வி. போன பிறகு என்ன செய்கிறது என்பது இந்தக் குழுவின் வரம்புக்குள் வரவில்லை."

ஐசக் கை தூக்கினான். "சார் மேலுமலை ஏற்றத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். அதில் அது மேடாகத் தெரியவில்லை."

இது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. மேடு இல்லை, ஆலோசகர் சான்று.

அன்று மாலை பஸ்ஸில் போய் வெள்ளையம்மாவிடம் சொன்னான். அவள் கூடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வைக்கோலை விலக்கிப் பழங்களைப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நம்மள இழுக்க மாட்டாங்களா?"

"எந்தப் பெட்டியால இழுக்கறதுன்னு பேசிட்டிருக்காங்க அக்கா."

"உங்க சாதி சனத்துல பொண்ணு பாக்கற மாதிரி இருக்குதே. மாப்பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி." சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "தம்பி, இட்லிக்கு இன்னிக்காச்சும் சட்னி வாங்கினியா?" என்று பேச்சை மாற்றினாள்.

புதன்கிழமை காலை ஐசக் கூட்டத்துக்குப் போகவில்லை. குருபரப்பள்ளியில் ஆறு ஜோடி மாடு பேசி ஓட்டி வந்தான். கயிறு கட்டி முடித்து, கல்லை எடுக்கக் குனிந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. நாராயணப்பன் குதித்து இறங்கினார். வெயிலில் ஓடி வந்தவர்போல் வேர்த்திருந்தது, ஜீப்பில் வந்தவர் என்றாலும்.

"என்ன காரியம் பண்றீங்க மெம்பர்! வண்டி நகந்தா நீங்க பாதிக்கப்பட்டவரு இல்ல. நீங்க இல்லேன்னா மூணு பேர் கணக்கு இல்ல, கூட்டத்துக்குக் கோரம் இல்ல. ஏழு மாச வேலை பாழ்!"

"பழம் கெட்டுப் போகுது சார்."

"உங்க லாரி இனிமே வெறும் லாரி இல்ல. நேத்துத் தீர்மானத்துல அதைச் சோதனைப் பாரம்னு அறிவிச்சாச்சு. சோதனைப் பாரத்தை நகர்த்தறது அரசாங்க வேலையில குறுக்கிடறது. நானா சொல்லல, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஐசக் நினைத்துப் பார்த்தான். போட்டிருந்தான். ஒரு காகிதம் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவது ஆஸ்பத்திரியில் பழகியது.

மாட்டுக்காரர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். வெள்ளையம்மா வண்டியில் இருந்தபடியே கேட்டாள்: "ஏனுங்க ஆபீசரு, சோதனைப் பாரத்துல நானும் சேத்தியா?"

நாராயணப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. குறித்துக்கொண்டார். "உங்க எடை என்னம்மா?"

"பொழுதேறப் பொழுதேறக் கொறையுது. சீக்கிரமா எழுதிக்கங்க."

வியாழக்கிழமை வாக்கெடுப்பு. யேசுராஜ் இங்கிலாந்துப் பெட்டிக்கு ஓட்டுப் போட்டார், அதன் படத்தில் அளவுகள் தெளிவாக இருந்தன. நாராயணப்பன் பெங்களூர்ப் பெட்டிக்குப் போட்டார், சுதேசி. அது இன்னும் செய்யப்படவில்லையே என்று ஐசக் சொன்னதற்கு, "அதனாலதான் அதுல ஒரு குறையும் யாராலயும் சொல்ல முடியல," என்றார். ஐசக் அமெரிக்கப் பெட்டிக்குப் போட்டான்.

"காரணம்?"

"அது இருக்குது சார்."

காரணத்துக்கான கட்டத்தில் அது சிறியதாக இருந்தது. "இன்னும் நாலு வரி எழுதுங்க," என்றார் நாராயணப்பன். ஐசக் அதையே நாலு தரம் எழுதினான்.

மூன்று பெட்டிக்கும் ஒவ்வொரு ஓட்டு. மறுபடி வாக்கெடுத்தார்கள். மறுபடி ஒவ்வொரு ஓட்டு. சாயங்காலம் வரை ஐந்து தரம் எடுத்தார்கள், ஒருவரும் மாறவில்லை. ஜனநாயகத்தின் உறுதியை யேசுராஜ் புகழ்ந்து பேசினார். கடைசியில் விதிப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வழி கிடைத்தது. முடிவு எட்டாத வரை கையிருப்பில் உள்ளதைத் தற்காலிகமாகப் பொருத்திச் சோதிக்கலாம்.

வெள்ளிக்கிழமை திம்மராயன் அமெரிக்கப் பெட்டியையும் அதோடு வந்த குட்டைத் தண்டையும் பொருத்தினார். அரை நாள் ஆயிற்று. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது லீவர் முளைத்தது. அதைப் பின்னுக்குத் தள்ளினால் புதுப் பெட்டி சும்மா இருக்கும், வண்டி பழைய வண்டிதான். முன்னுக்குத் தள்ளினால் ஓவர்டிரைவ், முகப்பில் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். பூசணிக்காய் உடைத்தார்கள். நாராயணப்பன் பேசினார், யேசுராஜ் பேசினார். அதற்குள் நிலையம் மூடும் நேரம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை இழுவை வண்டி மேலுமலைக்கு வந்தது. முன்சீட்டில் திம்மராயனும் இரண்டு அதிகாரிகளும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஐசக் தன் லாரியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். பழ வாசனை தலையைச் சுற்றியது. நல்ல வாசனையைத் தாண்டிப் போன வாசனை.

சங்கிலி மாட்டினார்கள். நாராயணப்பன் தீர்மானத்தை உரக்கப் படித்தார்: சோதனை முழுவதும் ஓவர்டிரைவிலேயே நடைபெற வேண்டும். திம்மராயன் லீவரை முன்னுக்குத் தள்ளினார். விளக்கு எரிந்தது. எஞ்சின் ஒரு தரம் உறுமி, இருமி, அணைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது.

"பாரம் ஒத்துழைக்கவில்லை," என்று யேசுராஜ் குறித்துக்கொண்டார்.

ஏழாவது தரம் இரண்டு பேரும் இறங்கி, சங்கிலியில் குறை இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். திம்மராயன் கண்ணாடியில் ஐசக்கைப் பார்த்தார். ஒரு கையால் லீவரைப் பின்னுக்கு இழுத்தார். முதல் கியர் போட்டார். இழுவை வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு, நூற்றிருபது கூடையையும் வெள்ளையம்மாவையும் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியது. இரண்டு அதிகாரிகளும் பின்னாலேயே கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

உச்சியில் வண்டிகள் நின்றன. திம்மராயன் ஐசக்கின் லாரிக்குக் கல் வைத்துச் சங்கிலியைக் கழற்றினார். நாராயணப்பன் மூச்சு வாங்க வந்து, வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் கண் முகப்புக்குப் போயிருந்தது.

"திம்மராயா. சிவப்பு விளக்கு எரியலையே."

"இல்லீங்க."

"அப்ப எதுல இழுத்தே?"

"முதல் கியர்லங்க. எப்பவும் இழுக்கற மாதிரி."

நாராயணப்பன் மெதுவாக, துக்க வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

"இழுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எதால இழுத்ததுங்கறதுதான் கேள்வி. ஓவர்டிரைவ் இழுக்கல. அதனால, தீர்மானப்படி, இந்த லாரி இங்க வரல."

"இங்கதான சார் நிக்குது?" என்றான் ஐசக்.

"நிக்குது. ஆனா வரல."

யேசுராஜ் தலையசைத்தார். "பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி, முறைப்படி மறுசோதனை நடத்த வேண்டும். நாளை ஞாயிறு. திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம்."

திம்மராயன் இழுவை வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். மற்ற இருவரும் அதன் பானெட்டின் மேல் காகிதத்தை விரித்துத் தீர்மானம் எழுத ஆரம்பித்தார்கள். ஐசக் தன் வண்டியருகே நின்றான்.

"தம்பி," என்றாள் வெள்ளையம்மா முன்சீட்டிலிருந்து. "இந்தாண்ட இறக்கந்தானே?"

"ஆமா. சூளகிரிப் பக்கம்."

"இறக்கத்துல போறதுக்கு ஆக்சிலு வேணுமா?"

ஐசக் சாலையைப் பார்த்தான். தெரிகிற தூரம் வரை இறக்கம்தான்.

"வேணாம்."

"காலு பிரேக்கு இருக்குதா?"

"இருக்குது."

"பின்ன என்னா ஏறுப்பா. அந்தக் கல்லை எடுத்துட்டு ஏறு."

அவன் கல்லைக் காலால் தள்ளினான். ஏறினான். லாரி ஒரு கணம் யோசித்துவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்தது.

நூறு அடி போன பிறகுதான் நாராயணப்பன் பார்த்தார். பேனாவோடு ஓடி வந்தார்.

"மிஸ்டர் ஐசக்! எங்க போறீங்க?"

"தெரியல சார். வண்டி போகுது."

"கோரம் போகுது! ராஜினாமாவாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க!"

"எழுதறேன் சார். வண்டி நிக்கட்டும்."

லாரி அவரை விட்டு விலகியது. கண்ணாடியில் ஐசக் பார்த்தான். இரண்டு பேரும் இழுவை வண்டிக்குள் விழுந்தடித்து ஏறினார்கள். துரத்தல் தொடங்கியது. பின்னால் ஒரு இரைச்சல் வளர்ந்து வந்தது. பச்சை வண்டி பக்கத்தில் வந்தபோது நாராயணப்பனின் குரல் காற்றில் கிழிந்து கேட்டது: "ஓவர்டிரைவ்ல போடு திம்மராயா! ஓவர்டிரைவ்!"

முகப்பில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பாரம் இல்லை, மேடு இல்லை. ஓவர்டிரைவ் தான் எதற்காகப் படைக்கப்பட்டதோ அதைச் செய்தது. இழுவை வண்டி ஐசக்கின் லாரியைப் பிடித்தது, தாண்டியது, வளைவில் மறைந்தது. யேசுராஜ் குறிப்புப் புத்தகத்தில் வேகத்தை எழுதிக்கொண்டிருந்தது கடைசியாகத் தெரிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

வெள்ளையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐசக் சிரிக்கவில்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, பழத்தைக் குலுக்காமல் கொண்டுபோவதில் கவனமாக இருந்தான்.

சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கம் தீர்ந்தது. ஒரு டீக்கடை எதிரில் லாரி தானாக நின்றது. கூடைகளை இறக்கிப் பிரித்தார்கள். எழுபது கூடை போய்விட்டது, விரல் வைத்தால் உள்ளே இறங்கியது. மீதி ஐம்பதில் பாதிக்குப் பாதி தேறியது. பெங்களூர் மார்க்கெட் காணாத மல்கோவாவை வெள்ளையம்மா பஸ்ஸுக்குப் பஸ் கூவி விற்றாள், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் பேரம் பேசி கன்னடத்தில் முடித்தாள். கெட்டதை ஐசக் பள்ளத்தில் கொட்டினான். அதற்குத்தான் நேரம் பிடித்தது. கொட்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானம் ஓசூரிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் செய்தி சொன்னார். பச்சை வண்டி ஒன்று ஓசூரையும் தாண்டி, மைசூர் பெர்மிட் இல்லாமல் எல்லைச் சாவடியில் பிடிபட்டு நிற்கிறதாம். ஏன் நிறுத்தவில்லை என்று டிரைவரைக் கேட்டார்களாம். ஓவர்டிரைவில் போடச் சொன்னார்கள், எடுக்கச் சொல்லவில்லை என்றாராம். திங்கட்கிழமை ஆபீசர் வந்தால்தான் விடுவார்கள். உள்ளே இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து, சோதனை வெற்றி என்று அறிக்கை எழுதுகிறார்களாம். மூன்றாவது கையெழுத்துக்கு ஆள் தேடுகிறார்களாம்.

வெயில் சாய்ந்தது. கூடைகள் காலி. வெள்ளையம்மா தலைமுக்காட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறும் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். லாரி நின்ற இடத்திலேயே நின்றது. ஆக்சில் மாற்ற இன்னும் ஓசூர் போக வேண்டும். வழி சமதளம், பிறகு ஒரு மேடு.

ஐசக் டீக்கடைக்காரரிடம் போனான். "இங்க மாடு கிடைக்குமாங்க? வண்டி இழுக்க."

அவர் லாரியை ஒரு தரம் பார்த்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"எத்தினி ஜோடி?"

ஆறு நாளில் அவனிடம் ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. "ஆறு ஜோடிங்க," என்றான் ஐசக்.